ருசி பார்க்காத பச்சைக் கறி

போன வருடம் ஆனி மாதம், கனடாவில் ரொறன்ரோவில் நடந்தது இது. மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் போயிருந்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இரண்டாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல, ஊரில் பக்கத்து வீட்டு ரீச்சர் இதை எழுதித் தருகிறார். கதையை விட்டுவிட்டு நான் வேறெங்காவது போனால் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். இன்றைக்கு எத்தனை தரம் வைக்கப்போகிறாரோ.

கனடாவுக்குப் போய் வந்த எங்கள் ஊர்ச் சனங்கள் நயாகரா பார்த்தேன், பனி பார்த்தேன் என்று சொல்வார்கள். நான் அங்கே போய்த் தாய்லாந்துச் சமையல் படித்தேன். சிரிக்காதீர்கள், உண்மைதான். என் மருமகன்கூட நாலைந்து நாள் இதைச் சொல்லியே சிரித்தார்.

“மாமி கனடாவுக்கு வந்து தாய்லாந்துச் சமையல் படிக்கிறா. இனித் தாய்லாந்துக்குப் போனாவெண்டால் எங்கட ஊர் ஒடியல் கூழ் காய்ச்சப் படிப்பா!”

அவர் நல்ல பிள்ளை, பகிடிக்காரர். ஆனி மாதத்திலும் எனக்குக் குளிர்கிறது என்று காலுக்குப் போட இரண்டு சோடி மேசு வாங்கித் தந்தவர். ஒன்று சிவப்பு. அதை நான் சாமியறைக்குள் போடமாட்டேன், ஏனென்றால்... சரி, ரீச்சர் பார்க்கிறார்.

நான் அந்த வகுப்புக்குப் போனது பகிடிக்கு இல்லை. என் மகனுக்காகப் போனேன்.

அவன் என் கடைசிப் பிள்ளை. இருபது வயதில் வெளிநாடு போகப் புறப்பட்டான். ஏஜென்சிக்காரன் தாய்லாந்தில் பாங்கொக் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். அதற்கு அங்கால் பாதை திறக்கவில்லை. இந்த மாதம் போவோம், அடுத்த மாதம் போவோம் என்று ஏழு வருடம் அங்கேயே நின்றான், ஒரு அறையில் ஆறு பேரோடு. அதன்பிறகு ஒரு காய்ச்சல். கையில் சரியான பத்திரம் இல்லாத பயத்தில் பிந்தித்தான் ஆசுப்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். கூட இருந்த பெடியன் ஒருவன் ரெலிபோனில் சொன்னான். அங்கேயே எரித்து, சாம்பலை அங்கேயே ஆற்றில் விட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை.

அந்த ஏழு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எனக்கு ரெலிபோன் எடுப்பான். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், “சாப்பிட்டியோ தம்பி?” தாய்க்கு வேறென்ன கேட்கத் தெரியும்? பொலிஸ், கேஸ் என்று அவன் சொன்னால் எனக்கு விளங்காது. சாப்பாடு என்றால் விளங்கும். அவனும் அதையே சொல்லுவான்.

“இஞ்சை ஒரு பச்சைக் கறி இருக்கம்மா. எங்கட சொதி மாதிரித் தேங்காய்ப்பால். ஆனா சீனி போடுறாங்கள்.”

“கறிக்குள்ளை சீனியோ? என்ன கோதாரி அது!”

“முதல் நாள் நானும் துப்பிப்போட்டன். இப்ப அது இல்லாட்டிச் சோறு இறங்குதில்லை. அதுக்குள்ளை எலுமிச்சை மாதிரி மணக்கிற ஒரு தேசி இலை போடுவாங்கள், கையைக் கழுவினாலும் மணம் போகாது.”

நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். அவன் இருக்கும்போது அந்தக் கறியைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன வருடத்தோடு அவன் செத்துப் பதினொரு வருடம். ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பேன். உழுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய்க் கறி, பாயாசம். எல்லாம் அவன் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் கேட்டுச் சாப்பிட்டவை. போன வருடம் திவசம் நான் ரொறன்ரோவில் நிற்கும்போது வந்தது.

அதற்கு மூன்று கிழமைக்கு முன்னால், ஒரு நாள் மகள் என்னைக் கடைத்தொகுதி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரே மண்டபத்தில் பத்து நாட்டுச் சாப்பாடு விற்கிறார்கள். ஒரு கடைக்கு முன்னால் போகும்போது ஒரு மணம் வந்தது. தேங்காய்ப்பால் தெரிந்தது. அதற்குள் வேறேதோ ஒன்று, எனக்குப் பெயர் தெரியாத ஒன்று.

“என்ன பிள்ளை உது?”

“உது தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையம்மா.”

நான் நின்றுவிட்டேன். சட்டிக்குள் பச்சையாக ஒரு கறி கொதித்துக்கொண்டிருந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தச் சட்டியைப் பார்த்தாள். அவளும் தம்பியோடு ரெலிபோனில் கதைத்தவள்தானே.

“இந்த முறை தம்பிக்கு இதைப் படைப்பமே?” என்று கேட்டேன்.

“ஓமம்மா. அண்டைக்கு இஞ்சையே வந்து வாங்குவம்.”

“கடைச் சாப்பாட்டைப் படைக்கிறதோ? நான் என்ரை கையாலை சமைக்க வேணும்.”

அப்படித்தான் மகள் எங்கேயோ தேடி அந்த வகுப்பைப் பிடித்தாள். வகுப்பு சனிக்கிழமை. திவசம் ஞாயிற்றுக்கிழமை. திவசம் என்றபடியால் மீன், இறைச்சி, இறால் ஒன்றும் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். மற்றதைச் சொல்லவில்லை.

“ஏன் எதுக்கு எண்டெல்லாம் அவையளுக்குச் சொல்லத் தேவையில்லையம்மா. சமைப்பம், டப்பாவிலை போடுவம், கொண்டு வருவம்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தெரியாத சனத்துக்கு முன்னால் செத்த பிள்ளையின் கதையை எதற்கு அவிழ்ப்பது என்று.

வோபர்ன் என்ற இடத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு முன்னால் பஸ் எடுத்து, பிறகு சப்வேயில் ஏறி, பிறகு தெருவில் ஓடும் ஒரு ரயிலிலும் ஏறிச் சீனக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய் இறங்கினோம். வகுப்பு எடுப்பது ஒரு தாய்லாந்து அம்மா. வயது அறுபது இருக்கும், என் தோளுக்குத்தான் வருவார், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். எங்களோடு படிக்க வந்தவர்கள் ஆறு பேர், எல்லாரும் இளம் ஆட்கள். முதலில் சந்தை பார்க்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும், பிறகுதான் சமையல்.

அந்தச் சந்தையை நான் எப்படிச் சொல்வேன்! கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள் வரிசையாக நின்று எங்களைப் பார்க்கின்றன. நண்டுகள் உயிரோடு, கைகளைக் கட்டிப்போட்டபடி. பலாப்பழத்துக்கு முள்ளு முளைத்த மாதிரி ஒரு பழம். அதன் நாற்றத்துக்கு மகள் மூக்கைப் பொத்தினாள், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பை இலையைக் கட்டுக் கட்டாகப் பனிப்பெட்டிக்குள் அடுக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் பார்த்தால், சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுண்டங்காய்!

“பிள்ளை, இஞ்சை பார், எங்கட வேலியிலை காய்ச்சுக் கொட்டுண்டு போறது இஞ்சை பெட்டிக்குள்ளை இருக்குது!”

நான் போட்ட சத்தத்தில் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். தாய்லாந்து அம்மா ஓடி வந்து, இதுதான் பச்சைக் கறிக்குப் போடுவது என்று சைகையில் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்குவதில் இரண்டு பேருக்கும் ஒரே பழக்கம். முற்றலை நான் தள்ளினால் அவரும் தள்ளுவார். பிறகு ஒரு இலையை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு இலை ஒன்றின் நுனியில் ஒன்று ஒட்டின மாதிரி இருந்தது. கசக்கச் சொன்னார். கசக்கினேன்.

அந்த மணத்தை நான் அதற்கு முதல் அறிந்ததில்லை. ஆனாலும் மகன் சொன்னது இதுதான் என்று தெரிந்தது. தேசி இலை. அதன்பிறகு அந்தத் தெரு முழுக்கக் கையை மூக்கில் வைத்தபடிதான் நடந்தேன். “என்னம்மா, தடிமனோ, மூக்கு அடைக்குதோ?” என்று மகள் கேட்டாள். ஓம் என்றேன்.

சமையல் அறை ஒரு கடைக்கு மேல் மாடியில். எல்லாருக்கும் ஒரு ஏப்ரன், ஒரு அடுப்பு, ஒரு கல்லுரல். எழுதின தாள் ஒன்றும் தந்தார்கள். எனக்கு அது எதற்கு? நாலாக மடித்துச் சட்டி பிடிக்க வைத்துக்கொண்டேன். பச்சை மிளகாய், அரத்தைக் கிழங்கு, எலுமிச்சை மணக்கிற ஒரு புல்லு, மல்லி வேர் எல்லாம் போட்டு இடிக்க வேண்டும். அந்த இளம் பிள்ளைகள் இரண்டு இடி இடித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்கு மிளகாய் கண்ணில் தெறித்துவிட்டது. நான் இடித்து முடித்து, வழித்து வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாய்லாந்து அம்மா என் உரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அவர்கள் கை தட்டினார்கள். எழுபத்திரண்டு வயதில் எனக்கு வகுப்பில் முதல் இடம்! இரண்டாம் வகுப்பில் கிடைக்காதது.

அந்தப் புளுகத்தில், பெருமையில்தான் இருந்தேன், பிழை நடக்கும் வரைக்கும்.

அவர்களுடைய சமையலில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றைப் போட்ட பிறகும் ருசி பார்க்க வேண்டும். உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு எல்லாம் நாக்கில் சரியாக நிற்கும் மட்டும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அளவு என்று ஒன்றும் இல்லை, நாக்குத்தான் அளவு. எல்லாரும் ஆளுக்கொரு கரண்டியோடு நக்கிக்கொண்டு நின்றார்கள். நான் பார்க்கவில்லை. படைக்கிற சாப்பாட்டை ருசி பார்க்கலாமா? செத்தவர்களுக்கு வைக்கும் முன்னால் ஒரு பருக்கை யார் வாயிலும் படக்கூடாது. நான் பதினொரு வருடமும் மணத்தில்தான் உப்புப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் பிழை போனதில்லை. ஆனால் இந்தக் கறியின் மணம் எனக்குப் பழக்கமில்லை. எவ்வளவு போதும் என்று மூக்குக்கு விளங்கவில்லை.

தாய்லாந்து அம்மா இரண்டு தரம் வந்து கரண்டியை நீட்டினார். இரண்டு தரமும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் வாடிப்போனது. தன் நாட்டுச் சாப்பாடு எனக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டார் போல.

“அம்மா, ஒரு சொட்டு நாக்கிலை வையுங்கோவன். பாவம் அந்த மனிசி,” என்று மகள் காதுக்குள் சொன்னாள்.

“நீ சும்மா இரு. தம்பிக்கு வைக்கிறது.”

நான் கீழே குனிந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அந்த அம்மா என் சட்டியில் புதுக் கரண்டியை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்துக்கொண்டிருக்கிறார். மாணவிக்கு உதவி செய்ய வந்தவர், வேறென்ன. என் கை தானாகப் போனது. சின்னப் பிள்ளை களவாக எடுத்தால் தட்டுவோமே, அப்படி அவர் கையில் அடித்தேன். நல்ல அடி. கரண்டி நிலத்தில் விழுந்து உருண்டது.

எல்லாரும் அடுப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா தன் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏன் என்று மட்டும் கேட்கிற பார்வை. நான் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினேன். அடித்த வெட்கம் ஒரு பக்கம். இந்தச் சட்டி இனி உதவாது, நாளைக்குத் திவசம், என் பிள்ளைக்கு வைக்க இல்லை என்ற துக்கம் ஒரு பக்கம்.

மகள் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஆங்கிலத்தில் நெடுநேரம் சொன்னாள். இடையில் அவளும் அழுதாள். பாங்கொக் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அந்தச் சொல் வந்ததும் தாய்லாந்து அம்மா மெல்ல எனக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தார். நான் அடித்த அதே கையால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுறா?”

“தங்கட ஊரிலையும் பிக்குமாருக்குச் சமைக்கிறதை முதல் வாயிலை வைக்கமாட்டினமாம். தான் கேட்டிருக்க வேணும், பிழை தன்ரையாம்.”

“ஐயோ, அடிச்சது நானெல்லே பிள்ளை! மன்னிக்கச் சொல்லிச் சொல்லு.”

மகள் சொன்னாள். அந்த அம்மா கையை உதறிவிட்டு, இன்னும் ஏதோ சொன்னார். மகள் அழுகைக்குள்ளும் சிரித்தாள்.

“இடிக்கிற கையாம், அதுதான் அடியும் உந்த உறைப்பாம்.”

வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். எங்களை அந்த அம்மா போகவிடவில்லை. புதிதாக இரண்டு சட்டியை அடுத்தடுத்து அடுப்பில் வைத்தார், ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு. பிறகு மகளிடம் கேட்கச் சொன்னார், “மகன் எப்பிடியான கறி எண்டு சொன்னவர்?”

பதினொரு வருடத்துக்குப் பிறகு என் பிள்ளை சொன்ன கதையை ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். சொதி மாதிரி, சீனி போட்டது, முதல் நாள் துப்பினது, பிறகு அது இல்லாமல் சோறு இறங்காதது. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“அது வீட்டுக் கறி இல்லையாம், தெருக்கரைக் கடைக் கறியாம். கொஞ்சம் தண்ணியா, இனிப்புக் கூடவா இருக்குமாம். வகுப்பிலை செய்தது சரிவராதாம்,” என்றாள் மகள்.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் சமைத்த சமையலை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். நான் என் சட்டியில் ஒரு கை போட்டால், அவர் அதே அளவு ஒரு கை தன் சட்டியில் போடுவார். நான் மூன்று இலை, அவர் மூன்று இலை. நான் இரண்டு அகப்பை பால், அவர் இரண்டு அகப்பை. அடுப்புத் தீயைக்கூட ஒரே அளவாக வைத்தார். பிறகு தன் சட்டியில் மட்டும் ருசி பார்ப்பார். பார்த்துவிட்டு உப்பு என்றால் ஒரு விரலைக் காட்டுவார், நான் என்னுடையதில் ஒரு கிள்ளு உப்புப் போடுவேன். சர்க்கரை என்றால் கையை விரிப்பார். எங்கள் பனங்கட்டிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு சர்க்கரை அது. போடப் போட, இன்னும் இன்னும் என்றார். கறிக்குள் இவ்வளவு இனிப்போ என்று என் கை பின்னுக்கு இழுத்தது. ஆனாலும் போட்டேன். என் சட்டியில் ஒரு நாக்கும் படவில்லை. என் கறிக்கு ருசி பார்த்தவர் பக்கத்துச் சட்டியில் நின்றார்.

முடியும்போது பின்னேரமாகிவிட்டது. அவருடைய சட்டிக் கறியை மகளும் அவரும் சோற்றோடு சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை, பிள்ளைக்கு முன்னால் நான் சாப்பிடக்கூடாது. என் கறியைச் சட்டியோடு மூடிக் கட்டி, துணியில் சுற்றித் தந்தார். மாடிப்படியால் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். எனக்கா, என் கையில் இருந்த சட்டிக்கா என்று தெரியவில்லை. சப்வேயில் ஒருவரையும் முட்டவிடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டேன். வடை, வாழைக்காய், பயற்றங்காய் எல்லாம் வைத்தேன். பக்கத்தில் அந்தப் பச்சைக் கறியை வைத்தேன். விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்தோம். காகத்துக்கு என்று வீட்டின் பின்வளவில் வைத்த சோற்றை ஒரு கறுத்த அணில் வந்து தின்றது. மருமகன் கலைக்கப் போனார். விடச் சொன்னேன். கனடாவில் அதுவும் ஒரு வழிதான்.

பிறகு எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். நான் முதலில் அந்தக் கறியைத்தான் சோற்றில் விட்டுப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன்.

எனக்குப் பிடிக்கவில்லை.

பொய் சொல்லி என்ன? பிடிக்கவில்லை. விழுங்க முடியாமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

“எப்பிடியம்மா?” என்றாள் மகள்.

“உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்துக்குத் தேங்காய்ப்பால் விட்ட மாதிரிக் கிடக்கு பிள்ளை.”

மருமகனுக்குச் சிரிப்புப் புரைக்கேறியது. மகளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு என் சிரிப்பு மாறிவிட்டது. அவன் செத்த செய்தி வந்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு நான் அழுதது வீட்டிலிருந்து போன ஒரு பெடியனுக்கு. இவன் வேறு ஒருவன். எனக்குப் பிடிக்காத ஒன்றைத் துப்பித் துப்பிப் பழகி, பிறகு அது இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று நின்ற ஒரு பெரிய மனிசன். அவனை நான் கண்டதே இல்லை.

அழுதுகொண்டே இலையில் இருந்த கறி முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். இந்த வருடம் ஊரில் திவசம் செய்தபோதும் அதைச் சமைத்தேன், இனியும் சமைப்பேன். ஏழு வருடமும் அவன் பட்டினி கிடந்தான், பயந்து கிடந்தான் என்று மட்டுமே நினைத்து அழுதுகொண்டிருந்த எனக்கு, அங்கே அவன் ஒரு கறியை ஆசையாகத் தேடித் தேடிச் சாப்பிட்டும் இருந்திருக்கிறான் என்பதை நினைக்க நினைக்கத் துக்கம் குறையவில்லை, ஆனால் அந்தத் துக்கத்துக்குள் இப்போது என் பிள்ளை முழு ஆளாக இருக்கிறான்.